தொட்டுவிட்டுத் திரும்புதல்

கபடியில் தொட்டால் மட்டும் போதாது. தொட்டவன் திரும்பி வர வேண்டும். எதிரணியின் எல்லைக்குள் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போகிறவன், அங்கே நிற்கும் ஏழு பேரில் ஒருவரை விரல்நுனியாலோ கால்பெருவிரலாலோ தீண்டி, அவர்கள் மேலே விழுந்து அமுக்குவதற்குள் நடுக்கோட்டை எட்டிவிட்டால்தான் அந்தத் தொடுகை கணக்கில் ஏறும். கோட்டுக்கு அரையடி முன்னால் மூச்சு அறுந்தால் தொட்டது தொடாததாகிவிடும். இதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போது வராத ஒரு கலக்கம் வீடு திரும்பிய பிறகு வந்து உட்கார்ந்துகொள்கிறது. யார் யாரை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்த இந்தத் தாமிரபரணிப் படுகையில், தொடுவதையே உயிராகக் கொண்ட ஆட்டம் எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது? 1932 டிசம்பரில் ‘தி இந்து’ நாளேட்டில் வந்த செய்தி ஒன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துப் புதிரை வண்ணார்களைப் பற்றிப் பேசியது. கண்ணில் பட்டாலே தீட்டு என்று விலக்கப்பட்டு, பகலில் வெளியே வராமல், இருட்டிய பிறகே வேலைக்கு வந்துபோன மக்கள் அவர்கள். பார்வைக்கே தடை இருந்த மண்ணில், இன்னும் நூறு ஆண்டுகூட ஆகவில்லை, ஒருவன் தொடையை இன்னொருவன் இரு கைகளாலும் கட்டிப்பிடித்துச் சாய்க்கிறான், திடலே எழுந்து நின்று விசில் அடிக்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அந்தக் கட்டிப்பிடிப்பு எந்த இடத்தில் முடிந்துபோகிறது என்பது இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் தெரியும். சுண்ணாம்புக் கோடு முடிகிற இடத்தில் அதுவும் முடிகிறது.

பிசான அறுவடை முடிந்த வயலிலோ, கோயில் கொடையை ஒட்டிச் செம்மண் அடித்து மரத்தூள் தூவிய திடலிலோ ஆட்டம் நடக்கும். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். டியூப்லைட் கட்டிய கம்பங்களைச் சுற்றி ஈசல், ஜெனரேட்டரின் டீசல் வாடை, தண்ணீர் தெளித்த மண்ணிலிருந்து கிளம்பும் வாசனை, அதன்மேல் வியர்வையும் தைலமும் கலந்த நெடி. மைக்கில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார். பாடிப் போகிறவன் குனிந்து கோட்டைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறான். பிடிக்க நிற்பவர்கள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து அரைவட்டமாகப் பின்வாங்குகிறார்கள். கணுக்கால் பிடி, தொடைப்பிடி, இடுப்புப் பிடி என்று உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிடி இருக்கிறது. ஒரு மனிதனின் எடை எந்தக் காலில் இருக்கிறது, அவன் மூச்சு இன்னும் எத்தனை நொடி தாங்கும் என்பதைப் பிடிப்பவன் அவன் தாயைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். அப்படி அறிந்தால்தான் பிடிக்க முடியும். விசில் ஊதியதும் மேலே கிடப்பவன் எழுந்து கீழே கிடப்பவனுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறான், அல்லது கொடுக்காமல் திரும்பிப் போகிறான். எனக்குப் புள்ளிக் கணக்கைவிட அந்த ஒரு நொடிதான் முக்கியமாக இருந்துவந்திருக்கிறது. கை நீளுமா, நீளாதா? நீண்டால் மற்றவன் அதைப் பற்றுவானா? ஆட்ட விதியில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. இரண்டு பையன்களும் அந்த நேரத்தில் தங்களுக்குத் தாங்களே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கலக்கத்தோடு இருந்த நாட்களில் அமெரிக்கக் கால்பந்தின் தொடக்க வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. தலைக்கவசமும் தோள்பட்டை மெத்தையும் அணிந்து மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்தின்மேல் எனக்குப் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. ஆனால் அடிப்படையில் அது நம் ஆட்டத்துக்கு உறவுக்காரன்தான். கோட்டைத் தாண்டிப் போகிறவனை எதிரே நிற்பவர்கள் பிடித்துச் சாய்க்க வேண்டும். சாய்ந்த இடத்தில் கணக்கு நின்று அடுத்த முறை தொடங்கும். அதன் முதல் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியின் நியூ பிரன்சுவிக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரி மாணவர்களிடையே நடந்தது. ஒரு பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, உதைக்கலாம், தட்டலாம். 6-4 என்று ரட்கர்ஸ் வென்றது. சீருடை இல்லாத அந்த ஆட்டத்தில், தங்கள் ஆள் யார் என்று கூட்டத்தில் தெரிய வேண்டுமென்று ரட்கர்ஸ் மாணவர்கள் சிலர் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சிவப்புத் துணியைப் பற்றிப் படித்தபோது நம் பள்ளிக்கூடப் பையன்களின் மணிக்கட்டுகள் நினைவுக்கு வந்தன. இன்ன நிறக் கயிறு என்றால் இன்ன சாதி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. நிறத்தை உடம்பில் கட்டிக்கொள்ளும் ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ரட்கர்ஸ் மாணவன் ஆட்டம் முடிந்ததும் அதை அவிழ்த்துவிட்டான். பிறகு வகுப்பில் அந்தத் துணிக்கு வேலை இல்லை. நம் பையன் கட்டியிருக்கும் கயிறு அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய ஓர் ஆட்டத்துக்காகக் கட்டப்பட்டது.

அமெரிக்கர்களின் ஆட்டம் விதியால் வளர்ந்தது என்பது என்னை அதன்பால் இழுத்தது. 1874இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி ஹார்வர்டுக்கு வந்து ஆடியபோது, பந்தை ஏந்தி ஓடும் ரக்பி முறை ஹார்வர்டு மாணவர்களுக்குப் பிடித்துப்போனது. 1876 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மாசசாய்ட் ஹவுஸ் என்ற விடுதியில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா மாணவர்கள் கூடி அந்த முறையை ஒட்டிப் பொது விதிகளை வகுத்தார்கள். யேலில் ஆடிய வால்டர் கேம்ப் என்ற இளைஞர் 1878 முதல் இத்தகைய விதிக் கூட்டங்களை விட்டு விலகவே இல்லை. 1925இல் விதிக்குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் போயிருந்தபோது விடுதி அறையில்தான் இறந்தார். ஓர் அணிக்கு 11 பேர் என்பதும், பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணி ஒரு கோட்டிலிருந்து தடையின்றி ஆட்டத்தைத் தொடங்கும் என்பதும் 1880இல் அவர் வாதாடி வாங்கியவை. அடுத்த ஆண்டே அந்த விதி சிக்கலில் மாட்டியது. பந்து தங்களிடம் இருக்கும்வரை தோற்க மாட்டோம் என்று கண்டுகொண்ட பிரின்ஸ்டன், யேலுடன் ஆடிய ஆட்டத்தில் முதல் பாதி முழுதும் பந்தை விடவில்லை. யேல் இரண்டாம் பாதி முழுதும் விடவில்லை. ஆட்டம் ஒரு புள்ளியும் இல்லாமல் முடிந்தது. எனவே 1882இல் மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். அந்த ஐந்து கஜத்தை அளக்கத்தான் மைதானத்தின் குறுக்கே கோடுகள் வரையப்பட்டன. நம் கபடியிலும் முன்னிலையில் இருக்கும் அணி வெறுமனே பாடிப்போய்த் தொடாமல் திரும்பி நேரத்தைக் கடத்துவது பழைய தந்திரம். இன்றைய லீக் ஆட்டங்களில் இரண்டு பாட்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் பாடிப்போனவன் வெளியேற வேண்டும். அமெரிக்க மைதானத்தின் மூன்று முயற்சியும் நம் திடலின் மூன்றாம் பாட்டும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மனிதர்கள் விதியின் சந்துபொந்தில் ஒளிந்துகொள்கிறார்கள், அந்தச் சந்தை அடைக்க அடுத்த விதி வருகிறது. நல்லெண்ணத்தை நம்பி எந்த ஆட்டமும் நடந்ததில்லை என்பதில் எனக்கு ஏனோ ஆறுதல் இருக்கிறது. மனம் மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கச் சொல்கிறவர்களிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்த ஆறுதல் அது.

ஆனால் விதிகள் கூடக்கூட உடம்புகள் பிழைத்தன என்று சொல்ல முடியாது. 1892இல் ஹார்வர்டு அணி, ஆட்டக்காரர்கள் இரு திசையிலிருந்து ஓடிவந்து ஆப்பு வடிவில் ஒன்றுசேர்ந்து எதிரணியின் ஒரே ஆள்மீது மோதும் உத்தியைக் கொண்டுவந்தது. அதை வகுத்தவர் சதுரங்கப் பிரியரான லோரின் டிலாண்ட். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் அதைத் தடை செய்தார்கள், ஆனால் கும்பலாக மோதும் ஆட்டம் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. மண்டை உடைந்தும் கழுத்து முறிந்தும் மாணவர்கள் செத்தார்கள். 1905 அக்டோபரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் அணிகளின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவர் அந்த ஆட்டத்தை நேசித்தவர். அவருடைய மகனே அந்த ஆண்டு ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தான். நவம்பர் 25 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் ஆடிய யூனியன் கல்லூரி மாணவன் ஹெரால்டு மூர் தலையில் அடிபட்டு இறந்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஹென்றி மெக்கிராக்கன் மற்றக் கல்லூரிகளைக் கூட்டினார். டிசம்பர் இறுதியில் 62 கல்லூரிகள் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கின. 1906இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி வந்தது, மூன்று முயற்சியில் பத்து கஜம் என்றானது, கோட்டில் எதிரெதிரே நிற்கும் இரு அணிகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு ஓர் இடைவெளி விடப்பட்டது. இந்தக் கடைசி விதியில் நான் வெகுநேரம் நின்றேன். பந்தின் நீளம் என்பது ஒரு முழம்கூட வராது. அதுவரை தோளோடு தோள் உரச நின்று, ஆட்டம் தொடங்கும் முன்பே குத்திக்கொண்டிருந்தவர்களை விலக்க அந்த அரை முழம் போதுமாக இருந்தது. சாவு உடனே நின்றுவிடவில்லை. 1909இல் மறுபடியும் மாணவர்கள் செத்தார்கள், மறுபடியும் விதிகளை மாற்றினார்கள். ஆட்டம் தன் குற்றத்தைத் தன் எல்லைக்குள்ளேயே வைத்திருந்ததால்தான் அதைத் திருத்திக்கொள்ள முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. கொன்றது கோட்டுக்குள் நடந்தது, ஆகவே கோட்டுக்குள் எழுதிய விதியால் அதைத் தொட முடிந்தது.

ஸ்பிரிங்ஃபீல்டு என்ற அந்த ஊர்ப்பெயர் இன்னொரு வழியாக நம் ஊர்வரை வந்திருக்கிறது. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், அமெரிக்கக் கால்பந்து ஆடியவர். பனிக்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று யோசித்தபோது, பிடித்துத் தள்ளுவது எதனால் வருகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பந்தோடு ஓடுவதால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டால் பிடிக்கத் தேவையில்லை. 1891 டிசம்பரில் பிறந்த கூடைப்பந்தின் கரு அந்த ஒரு யோசனைதான். அதே கல்லூரியில் படித்த வில்லியம் மார்கன் 1895இல் இன்னும் ஒரு படி போய் நடுவே வலையைக் கட்டிவிட்டார். வாலிபால் அப்படி வந்தது. அங்கேயே படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்குப் பயிற்சி தந்தவரும் அவரே. அந்தக் கல்லூரியில் பயின்ற பி.டி. மாஸ்டர்கள் வழியாகத்தான் விசிலும் சுண்ணாம்புக் கோடும் விதிப் புத்தகமும் தென்மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தன. பாளையங்கோட்டை முதல் நாசரேத் வரை மிஷன் பள்ளி மைதானங்களில் கபடிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே வாலிபால் கம்பங்கள் நிற்கும். இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சந்தேகம் வரும். உடம்பு உடம்பில் படாமல் ஆடும் ஆட்டம் நம் ஊருக்கு வசதியாகப் போய்விட்டதோ? வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள், நடுவே காற்று மட்டும். வன்முறையைத் தடுக்க அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட விலக்கம், விலக்கத்தையே வாழ்க்கையாக வைத்திருந்த ஊருக்கு வந்தபோது வேறொன்றாகப் பொருள்பட்டிருக்கலாம். இதை உறுதியாகச் சொல்லத் துணிய மாட்டேன், ஏனென்றால் எந்தத் தெருப் பையனும் வந்து நிற்கக்கூடிய முதல் திறந்தவெளியாக அந்த வாலிபால் மைதானங்களே பல ஊர்களில் இருந்தன. விலகி நின்று ஆடுவதற்குக்கூட ஒரே மைதானத்துக்குள் வர வேண்டியிருந்தது.

கபடிக்கு விதி எழுதியவர்கள் மராட்டியர்கள். 1918இல் சாத்தாராவில் ஒழுங்குபடுத்தும் முயற்சி தொடங்கியது. 1923இல் பரோடாவில் போட்டி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் அதை அங்கே ஆடிக் காட்டியது. 1950இல் அகில இந்தியக் கூட்டமைப்பு அமைந்தது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்கான ஆட்டமாயிற்று. சடுகுடு என்று நம் ஊரில் ஆடியபோது பாடிப்போகிறவனுக்கு ஊருக்கு ஊர் ஒரு பாட்டு இருந்தது. இப்போது ஒரே சொல்தான். அந்த இழப்பைப் பற்றி வருந்துகிறவர்கள் உண்டு, அவர்களோடு பாதிவரை நானும் நடப்பேன். ஆனால் விதி எழுதியவர்கள் எடுத்த ஒரு முடிவுக்காக அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன். நாட்டில் அன்று மூன்று வகை ஆட்டங்கள் இருந்தன. அமர் வகையில் தொடப்பட்டவன் வெளியே போக வேண்டியதில்லை, புள்ளி மட்டும் எண்ணப்படும். காமினி வகையில் வெளியே போனவன் தன் அணி முழுதும் சாகும்வரை உள்ளே வர முடியாது. சஞ்சீவனி வகையில் எதிரணியில் ஒருவன் செத்தால் இங்கே ஒருவனுக்கு உயிர் வரும். இந்த மூன்றாவதுதான் இன்றைய கபடிக்கு அடித்தளமானது. செத்தவன் வெளியே உட்கார்ந்து, மண்ணைத் தட்டிவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்து, மறுபடி எழுந்து வருகிறான். சாவுக்குப் பொருள் இருக்கிறது, ஆனால் அது முடிவாக இல்லை. அந்த ஏற்பாடு இருப்பதால்தான் ஒருவன் அஞ்சாமல் எதிரியின் எல்லைக்குள் போகிறான், எதிரியும் அவனைக் கொல்லாமல் பிடிக்கிறான்.

கோட்டுக்கு வெளியே அந்த ஏற்பாடு கிடையாது. ஊர்ப் போட்டிகளின் நோட்டீசை வாசித்துப் பாருங்கள். அணியின் பெயரிலேயே தெரு தெரிந்துவிடும். பனியனின் முதுகில் எந்தத் தலைவரின் படம் என்பதைப் பார்த்தால் மீதியும் தெரிந்துவிடும். 1997இல் தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையெல்லாம் ஒரேயடியாக நீக்கியது. பேருந்தின் நெற்றியில் இருந்த பெயரைப் பெயின்ட் அடித்து மறைக்க முடிந்தது. பனியன்களில் அந்தப் பெயர்கள் பெருகின. 2025 மார்ச்சில் இந்தப் பள்ளத்தாக்கில், தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பட்டியல் சாதி மாணவனை வழிமறித்து அரிவாளால் வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் அவன் பக்கம் வென்றதால் வந்த பகை என்று வீட்டார் சொன்னதாகச் செய்தி வந்தது. விரல்கள். பாடிப்போகிறவனுக்கு இருக்கும் முதல் ஆயுதம் அவைதான். ஆட்டத்தில் தொட்டவன் கோட்டைத் தாண்டிப் பத்திரமாகத் திரும்பிவிட்டான், நடுவர் விசில் ஊதினார், புள்ளி எழுதப்பட்டது, ஆனால் வேறொரு கணக்குப் புத்தகத்தில் அந்தத் தொடுகை முடியாமல் நின்றது. 1906இன் விதிக்குழு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியாது. இங்கே காயம் கோட்டுக்குள் படவில்லை. ஆட்டத்தின் விதிகள் எல்லாம் சரியாகக் கடைப்பிடிக்கப்பட்ட பிறகு, அவை சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டதற்காகவே, அந்தப் பையன் வெட்டப்பட்டான்.

அமெரிக்க வரலாற்றில் இதற்கு நெருங்கி வரும் ஒரு கதை கார்லைல் பள்ளியுடையது. 1879இல் பென்சில்வேனியாவில் ராணுவ அதிகாரி ரிச்சர்டு பிராட் தொடங்கிய அந்தப் பள்ளிக்குப் பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியைத் தடுத்து வளர்த்தார்கள். ஒரு மாணவனின் கால் முறிந்ததால் அங்கே கால்பந்து நிறுத்தப்பட்டது. மறுபடி ஆட அனுமதி கேட்டு மாணவர்கள் வந்து நின்றபோது பிராட் இரண்டு நிபந்தனை விதித்தார். யாரையும் திருப்பி அடிக்கக் கூடாது, அடித்தால் காட்டுமிராண்டிகள் என்று உலகம் சொல்லும். சில ஆண்டுக்குள் நாட்டின் தலைசிறந்த அணியை வெல்ல வேண்டும். அந்தப் பையன்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். 1911இல் ஹார்வர்டை 18-15 என்று வென்றார்கள். 1912இல் ஜிம் தோர்ப் ஆடிய அணி வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை 27-6 என்று வென்றது. ஊண்டட் நீயில் அமெரிக்கப் படை பூர்வகுடிகளைச் சுட்டுக்குவித்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. திருப்பி அடிக்காமல் வெல் என்ற அந்த நிபந்தனையின் கொடுமையை நம் பக்கத்துப் பயிற்சியாளர்கள் புத்தகம் படிக்காமலேயே அறிவார்கள். போட்டிக்குக் கிளம்பும் பையன்களிடம் வயதான ஒருவர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன்: “ஜெயிச்சா ஊளையிடப்பிடாதுலே, கேட்டியளா? கப்பைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு நேரே பஸ் ஏறணும். மேளம் கீளம் எல்லாம் நம்ம ஊரு எல்லைக்கு வந்தப்புறம் வச்சுக்கிடலாம்.” அவர் குரலில் பயம் இருந்ததாகத் தோன்றவில்லை. கால்பிடிக்குச் சொல்லித்தருவதுபோலவே இதையும் சொல்லித்தந்தார். எதிரணியின் எல்லைக்குள் போகும்போது எத்தனை காலடியில் திரும்ப வேண்டும் என்று கணக்கிடும் அதே புத்தியை, வெற்றிக்குப் பிறகு ஊர் திரும்பும் சாலைக்கும் பயன்படுத்தும்படி பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் சாலையைக் கடந்துபோனவர்களும் இருக்கிறார்கள். மணத்தி என்ற சிற்றூரிலிருந்து கிளம்பிய கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 2025இல் எடுத்த ‘பைசன்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த இளைஞர்களின் முகங்களைத் திருநெல்வேலித் தெருவில் பார்த்தேன். பெருமிதம் இருந்தது, அது நியாயமான பெருமிதம். ஆனால் கணேசனின் வெற்றியைத் தனி ஒருவன் தப்பித்த கதையாக ஊர் தனக்குள் எழுதிக்கொள்ளுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு. ஹிரோஷிமாவரை போனால்தான் ஒருவன் பத்திரம் என்றால், வட்டார அளவில் ஆடி முடித்துவிட்டுப் பிளஸ் டூவோடு நிற்கும் ஆயிரம் பையன்களுக்கு ஊர் என்ன சொல்கிறது? இன்றைய புரோ கபடி லீக் வேறொரு விசித்திரத்தைச் செய்திருக்கிறது. 2014இல் தொடங்கிய அந்தப் போட்டியில் அணிகள் ஏலத்தில் அமைகின்றன. தமிழ் தலைவாஸ் சட்டையில் ஹரியானாப் பையன் பாடிப்போகிறான், ஈரான்காரர் மூலையில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறார், நம் ஊர் டீக்கடையில் அவர்கள் இருவருக்காகவும் கத்துகிறார்கள். ஹரியானாப் பையன் என்ன சாதி என்று அந்த டீக்கடையில் யாரும் கேட்பதில்லை. 2018இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு அரையிறுதியில் இந்திய ஆண்கள் அணி ஈரானிடம் தோற்றபோது வருந்திய அதே டீக்கடை, ஈரானியர் இங்கே வந்து ஆடும்போது அவரைத் தன் ஆள் என்கிறது. அணி என்பது பிறப்பால் வராது, ஆட்டத்துக்காகச் சேர்த்துக்கொள்வது என்பதை ஊர் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறது. தொலைக்காட்சியில் ஏற்றுக்கொள்கிறது. பணம் அதைச் செய்துகாட்டியது என்பதால் எனக்கு முழு மகிழ்ச்சி இல்லை, ஆனால் செய்ய முடியாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே விதி எழுதும் அதிகாரம் யாரிடமும் இல்லை என்று இவ்வளவு நாள் நம்பியிருந்தோம். அது இருக்கிறது. கொடைக்கும் பொங்கலுக்கும் போட்டி நடத்தி, நோட்டீஸ் அடித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, சுழற்கோப்பைக்கு உபயதாரர் பிடிக்கும் கமிட்டிகளிடம் இருக்கிறது. ஒரே தெருவின் பையன்கள் மட்டும் உள்ள அணியைச் சேர்ப்பதில்லை, தலைவர் படம் போட்ட பனியனுக்கு இடமில்லை, வந்த அணிகள் எல்லாம் பத்திரமாக ஊர் போய்ச் சேரும்வரை போட்டி நடத்தியவர்களின் பொறுப்பு என்று மூன்று வரிகள் அந்த நோட்டீசில் ஏற வேண்டும். இப்படி எழுதினால் முதல் ஆண்டு அணிகள் வராமல் போகலாம். சேர்த்துவைத்த பையன்கள் முதல் ஆட்டத்தில் ஒருவருக்கொருவர் கைகோக்கத் தயங்கலாம். ஆனால் கைகோக்காமல் பிடிக்க முடியாது என்பதை ஆட்டமே அவர்களுக்கு இரண்டு பாட்டுக்குள் சொல்லிக்கொடுத்துவிடும். அணிகளே வரவில்லை என்றால் அந்த ஆண்டு போட்டி வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகம் 1905க்குப் பிறகு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கால்பந்து ஆடவில்லை, ஆட்டம் அழிந்துபோகவில்லை, இறந்தவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது. வென்ற பையன் வீடு போய்ச் சேர முடியாத இடத்தில் கோப்பை கொடுக்கும் உரிமை எந்த ஊருக்கும் இல்லை. அந்த உரிமையைச் சம்பாதித்துக்கொண்டு ஆடுவோம்.